எடுத்துப்போட்ட வேலி

மேட்டுப்பாளையம் பேருந்தில் நடத்துநர் "டிக்கெட்டுங்க" என்றதும், என் பக்கத்திலிருந்த ஒல்லியான பாதிரியார் பதறிப்போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

"ஏனுங்க ஃபாதர், இந்த பஸ் ஊட்டிக்கே போகாதுங்க" என்று நடத்துநர் சிரித்தார்.

ஆஸ்திரியாவில், ஹங்கேரி எல்லையோரக் கிராமம் ஒன்றில் பங்குத்தந்தையாம். விடுப்பு முடிந்து நாளை திரும்புகிறார்.

"அங்க எல்லையில இருந்த கம்யூனிஸ்ட் காலத்து முள்வேலியை எண்பத்தொன்பதுலயே எடுக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு படிச்சேனுங்களே" என்றேன்.

"எடுத்துப்போட்டாங்க. அதுக்கு முந்தி ஹங்கேரியிலிருந்து தப்பி வந்தவங்களுக்குச் சோறு போட்ட ஊருங்க அது. அப்படிச் சோறு போட்ட ஊட்டுப் பேரன் ஒருத்தன் இப்ப மிலிட்டரில எல்லையில நிக்கறான். என் நெறத்தைப் பார்த்ததும் துப்பாக்கியோட என் காரை நிறுத்தி, எல்லை தாண்டி ஆளைக் கடத்தறேனான்னு டிக்கியைத் தொறக்கச் சொல்றானுங்க."

"உங்களை அவனுக்குத் தெரியாதுங்களா?"

"ஞாயித்துக்கிழமை பூசையில என்கிட்டத்தான் நற்கருணை அப்பம் வாங்கறான். அவன் கையை நீட்டறப்ப என் கை பாஸ்போர்ட்டைத் தேடுதுங்க."

அந்த எல்லையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இது எதிலும் இல்லை.