சேலைக் கரையால் கட்டிய பை

எங்கள் குசினியில் கழிவு போட மூன்று இடங்கள் உண்டு. மரக்கறித் தோல், மீன் முள், தேயிலைச் சக்கைக்குப் பச்சை வாளி. கழுவிய தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மேசைக்குக் கீழே ஒரு பை. இரண்டிலும் சேராதது மட்டும் குப்பை. இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவள் என் மனைவி. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் நடந்த ஒரு வகுப்புக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அரிசி கழுவிய தண்ணீர் சன்னல் ஓரத்துக் கறிவேப்பிலைச் சாடிக்குப் போகும். யாருமில்லாத அறையில் விளக்கு எரிந்தால் மகள் வந்து நிறுத்துவாள். கடைக்குப் போகும்போது துணிப்பை என் தோளில் தொங்கும். எனக்கு இதெல்லாம் பிடிக்கும். யோகட் டப்பாக்களை மனைவி சுடுதண்ணீரில் கழுவித் தர, நான் துடைத்து வைப்பேன். அந்த நேரத்தில்தான் நாங்கள் இரண்டுபேரும் கொஞ்சம் கதைப்போம்.

அவள் உயர்தரம் வரை படித்தவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவளை இங்கே கூப்பிட முன்னர் அவளுடைய தமையன் தொலைபேசியில் என் வேலையைக் கேட்டார். "பிளாஸ்ரிக் ஃபாக்டரி" என்றேன். முழுப்பொய் அல்ல. ஊர் முழுக்க மறுசுழற்சிக்கென்று நீலத் தொட்டிகளில் போடுவதை லொறிகள் கொண்டுவந்து கொட்ட, ஓடுகிற பெல்ற்றின் பக்கத்தில் நின்று பிரித்து எடுக்கிறவன் நான். குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். கலியாணம் முடிந்து இத்தனை வருடமாகியும் அதைத் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் எழுதத்தான் வருகிறது. அவள் வாசித்தால் வாசிக்கட்டும்.

பெல்ற்றில் எங்களுக்கு ஒரு கட்டளை உண்டு. உள்ளே இருப்பது தெரியாமல் கட்டிய பை வந்தால் அவிழ்க்கக்கூடாது. உடைந்த கண்ணாடி இருக்கலாம், ஊசி இருக்கலாம். அவிழ்க்க நேரமும் இல்லை. அப்படியே குப்பைக் குழாய்க்குள் எறிய வேண்டும்.

என் மனைவி கட்டித்தான் போடுகிறாள் என்பது எனக்கு நெடுநாளாகத் தெரியாது. நான் விடிய வேலைக்குப் போன பிறகு அவளே பையைக் கீழே கொண்டுபோய் நீலத் தொட்டியில் போட்டுவிடுவாள்.

ஒருநாள் பெல்ற்றில் ஒரு வெள்ளைக் கடைப்பை வந்தது. வாயைச் சுருக்கி, கத்தரிப்பூ நிறச் சேலையின் மஞ்சள் கரையால் இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது. அந்தச் சேலை எங்கள் வீட்டுச் சேலை. உடல் பகுதி குசினித் துணியாகிவிட்டது, கரையை அவள் நாடா நாடாவாகக் கிழித்து மேசை லாச்சிக்குள் வைத்திருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். இரண்டு நாளுக்கு முன்னர் நான் துடைத்த யோகட் டப்பாக்கள், மகளின் ஜூஸ் போத்தல், மீன் தகரம்.

மேற்பார்வையாளர் எனக்குப் பின்னால் நின்றார். பை என்னைத் தாண்டப் போனது. எடுத்துக் குப்பைக் குழாய்க்குள் எறிந்தேன். அதற்குப் பிறகு வந்ததை எல்லாம் எப்படிப் பிரித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அன்று பின்னேரம் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"இஞ்சேரும், உந்தப் பையைக் கட்டாமல் போட்டால் என்ன?"

"கட்டாமலோ? நாங்கள் என்ன திண்டனாங்கள் எண்டு கட்டடம் முழுக்கப் பாக்கவோ? போன கிழமை மூண்டு ஐஸ்கிறீம் டப்பா. சனம் என்ன சொல்லும்?"

"இல்லை... கீழ தொட்டியில ஒட்டியிருக்கிற படத்தில பைக்குக் குறுக்கால கோடு போட்டிருக்கு."

"அது கறுப்புப் பையப்பா. நான் போடுறது வெள்ளை. படத்தையே ஒழுங்காப் பாக்கத் தெரியேல்லை, எனக்குப் பாடம் எடுக்க வெளிக்கிட்டார்."

மகள் சிரித்தாள். "அப்பா, அம்மாதான் எக்ஸ்பேர்ட், ஓகே?"

"ஃபாக்டரியில ஆரும் சொன்னவையோ?" என்று மனைவி கேட்டாள்.

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. "ஓம், நான்தான் உந்தப் பையை எறியிறனான்" என்று ஒரு வசனம் போதும். அதைச் சொன்னால், இத்தனை நாள் அவள் கழுவியதெல்லாம் குப்பைக்குள் போனது என்றும் சொல்ல வேண்டும், அவளைக் கட்டியவன் யார் என்றும் சொல்ல வேண்டும்.

"இல்லை, சும்மா கேட்டனான்" என்றேன்.

அதற்குப் பிறகு பையை நானே கீழே கொண்டுபோகத் தொடங்கினேன். "பாவம், பாரம் தூக்கினால் உமக்கு நாரி நோகும்" என்றேன். நீலத் தொட்டியின் முன்னால் நின்று முடிச்சை அவிழ்ப்பேன். அவளுடைய முடிச்சு லேசில் அவிழாது, பல்லாலும் இழுப்பேன். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, நாடாவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன்.

ஒரு சனிக்கிழமை லிப்ற்றுக்குள் எங்கள் மாடியில் இருக்கிற அன்ரி ஏறினார். கையில் கட்டிய பை இரண்டு.

"தம்பி, உம்மட மனிசி கெட்டிக்காரி. எங்கட மாடிச் சனம் முழுக்க இப்ப கழுவி, காயவைச்சு, வடிவாக் கட்டித்தான் போடுறம். அவதான் வீடு வீடா வந்து சொல்லித் தந்தவா."

"ஓம் அன்ரி" என்றேன்.

அவர் தன் பைகளைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுப் போகும்வரை சும்மா நின்றேன். பிறகு எட்டிப் பார்த்தேன். எங்கும் கட்டிய பைகள், சிவப்பு நாடா, பச்சை நாடா, ஒன்றில் பழைய சாரக் கரை. எங்கள் பையை மட்டும் அவிழ்த்துக் கொட்டினேன். மற்றவர்களின் பையில் கைவைக்க எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவை எனக்கு முன்னால் வரலாம், வந்தால் நான்தான் எறிய வேண்டும்.

அடுத்த நாள் உடுப்புத் தோய்க்க எடுத்தபோது என் சட்டைப் பைகளுக்குள் இருந்து மனைவி நாடாக்களை இழுத்தாள். நான் சோபாவில் இருந்தேன்.

"இதென்னப்பா, உங்கட பொக்கற்றுக்க?"

சோபாவை விட்டு எழும்பினேன்.

அவள் அவற்றை மடியில் போட்டு எண்ணினாள். அப்போது அவள் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"அவிழ்த்துக்கொண்டு வாறியளோ! எனக்கு உது தோன்றவேயில்லை. திரும்பத் திரும்பக் கட்டலாமெல்லோ. அன்ரிக்கும் சொல்லவேணும்."

நாடாக்களைக் கழுவிப் பால்கனிக் கம்பியில் காயப்போட்டாள். காய்ந்ததும் அதில் ஒன்றை எடுத்து, அன்றைய பையின் வாயைச் சுருக்கி, இரண்டு முடிச்சுப் போட்டு என் கையில் தந்தாள்.