பனி தள்ளும் பிளேடு

எங்கள் ஊரில் பனிக்கட்டி கொட்டியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மார்கழி விடிகாலையில் கொஞ்சம் மூட்டமாக இருக்கும். அதற்கே என் அப்பா தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இமயமலைக்குக் கிளம்பியவர் மாதிரி வாசலில் வந்து நிற்பார். அப்பேர்ப்பட்ட ஆரணியில், பனியைத் தள்ளுவதற்கு டிராக்டரில் எதை மாட்டினால் நல்லது என்று எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்கச் சண்டை நடந்தது. சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் நான்காம் வகுப்புப் படித்தபோது, எங்களுக்கு ஒரு சின்ன அரிசி ஆலை இருந்தது. பட்டு நெசவு வீடுகள் வரிசையாக இருக்கும் தெரு முடிகிற இடத்தில் ஆலை. அதன் பின்னால் பெரிய சிமெண்டுக் களம். அவித்த நெல்லைக் காலையில் அங்கே பரப்பி, பகல் முழுக்கக் கிளறி, சாயங்காலம் பலகையால் தள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். நடுவில் மழை வந்துவிட்டால் தொலைந்தோம். நனைந்த நெல் நாறிவிடும், அரிசி கறுத்துவிடும், அப்புறம் ஆரணி அரிசி என்று சொல்லி விற்க வாய் வராது.

அந்தக் களம் என் அத்தையின் ராஜ்ஜியம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பக்கத்துச் சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு நாள் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவள், திரும்பிப் போகவில்லை. மாமா குடித்துவிட்டுக் கை நீட்டுவார் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் களத்தில் இறங்கினால் வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரும் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடி வருவார்கள் என்பதுதான். என்ன தொண்டை அது! ரயிலுக்கே வழிவிடச் சொல்லும்.

வருகிற உறவுக்காரர்கள் எல்லாம், காப்பி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே, அத்தை எப்போது புருஷன் வீட்டுக்குப் போகிறாள் என்று கேட்பார்கள். அப்பா எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தார். களத்தைப் பார்க்க ஆள் இல்லை, இந்தப் போகம் முடியட்டும். அந்தப் போகம் முடிந்தால் அடுத்த போகம். அனுப்ப மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சம்பந்தம் அறுந்துபோயிருக்கும், பஞ்சாயத்து கூடியிருக்கும், ஊர் வாய் திறந்திருக்கும். களத்தில் வேலை என்று சொன்னால் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. களத்துக்கு அத்தை வேண்டும் என்கிறவரை அத்தை எங்கள் வீட்டில் இருக்கலாம். இதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை, ஆனால் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இந்த நிலைமையில்தான் என் சித்தப்பாவுக்கு இயந்திரப் பைத்தியம் முற்றியது. பாலிடெக்னிக் முடித்திருந்தார். தெள்ளார் பக்கத்திலிருந்து நெல் ஏற்றிவர அப்பா ஒரு பழைய டிராக்டர் வாங்கியிருந்தார். அதற்கு டிரெய்லர் மட்டும் போதுமா, அது என்ன மாட்டு வண்டியா என்று சித்தப்பா முறுக்கிக்கொண்டு திரிந்தார். ஒரு முறை சென்னைக்குப் போனவர் பழைய புத்தகக் கடையிலிருந்து வழவழப்பான வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றோடு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் டிராக்டர்கள். ஒன்றின் முகத்தில் வளைந்த இரும்புத் தகடு, ஒன்றில் பெரிய வாளி, ஒன்றில் சுழலும் துடைப்பம், ஒன்றில் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். எல்லாம் மலை மலையாக எதையோ வெள்ளையாகத் தள்ளிக்கொண்டிருந்தன.

“அம்மாடி, எவ்ளோ அரிசி!” என்றாள் அம்மா.

அது அரிசி இல்லை, பனிக்கட்டி, அந்த ஊரில் வானத்திலிருந்து கொட்டும், ரோட்டை அடைத்துக்கொள்ளும் என்று சித்தப்பா விளக்கினார். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஐஸுதானே? அத எதுக்குடா தள்ளணும்? கொஞ்ச நேரம் சும்மா குந்திகினு இருந்தா தானா கரைஞ்சி பூடுமே!”

எல்லோரும் சிரித்தோம். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. பனியைத் தள்ளுகிறது நெல்லைத் தள்ளாதா என்று கேட்டார். மழை வந்தால் பத்துப் பெண்கள் பலகையோடு ஓடுகிற வேலையை டிராக்டர் ஒரே ஆளாக முடித்துவிடும். சண்டை அங்கே ஆரம்பித்தது.

எனக்குக் குழாய்தான் வேண்டும். நெல்லை அள்ளி ஆகாயத்தில் வீசி குவியலில் போடுமே, அதைவிட அழகு உண்டா! ஆகாயத்தில் வீசினால் பாதி தறிக்காரர் வீட்டுப் பட்டுப் புடவை மேல் போய் விழும் என்று அத்தை அதைத் தள்ளுபடி செய்தாள். துடைப்பம் தூசி கிளப்பும். வாளி மூலை முடுக்கில் நெல்லை விட்டுவிட்டு வரும். அத்தை ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தாள். அவளுக்கு என்ன இந்தப் பிடிவாதம் என்று எனக்குக் கோபமாக வரும். நான் சித்தப்பா கட்சி.

மிஞ்சியது பிளேடு. நிலம் சமன் செய்கிற பிளேடு ஒன்றை இரவல் வாங்கி சித்தப்பா முதலில் டிராக்டரின் பின்னால் மாட்டிப் பார்த்தார். சக்கரம் முதலில் நெல்லின் மேல் ஏறி நசுக்க, பின்னாலேயே பிளேடு அதை ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு வந்தது. அத்தை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு பட்டறையில் சொல்லி, முன்னால் மாட்டுகிற மாதிரி அகலமாக ஒன்று அடித்து வாங்கி வந்தார். இப்போது நெல் சக்கரத்துக்குத் தப்பியது, ஆனால் இரும்பு விளிம்பு சிமெண்டில் உரசி நெல்லை உடைத்தது. சித்தப்பா சோறு தண்ணியில்லாமல் அந்தப் புத்தகத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் தகட்டின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. ரப்பர்! ஆலையில் தேய்ந்துபோன பழைய பெல்ட்டை நீளமாக வெட்டி, விளிம்பில் போல்ட் போட்டு முடுக்கினார்.

அதைப் பரீட்சை பார்க்க மழையே வந்தது. எங்கள் தெருவில் மழையை முதலில் அறிவிப்பது வானம் அல்ல, நெசவாளர்கள். தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருக்கும் பட்டு நூல் பாவின் மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், “சுத்து, சுத்து!” என்று தெருவே அலறும். அந்த அலறல் கேட்டதும் அத்தை களத்துக்குப் பாய்ந்தாள். அன்று பாதிப் பெண்கள் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தார்கள். களம் நிறைய நெல். சித்தப்பா டிராக்டரைக் கிளப்பினார்.

நெல் அப்படியே அலை மாதிரி சுருண்டு முன்னால் போயிற்று. பின்னால் களம் துடைத்து வைத்த மாதிரி வெறும் சிமெண்டு. அத்தைக்குத் தன் எதிர்க்கட்சி வேலையெல்லாம் மறந்துபோயிற்று. “இந்தப் பக்கம்டா! அந்த மூலையை வுட்டுட்டு எங்கடா போற? ஜல்தி, ஜல்தி!” என்று டிராக்டருக்கு முன்னால் ஓடி ஓடிக் கத்தினாள். தார்ப்பாயை இழுத்து மூடிக் கல் வைத்ததும் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஒரு குத்து நெல்கூட நனையவில்லை. நனைந்தது அத்தை மட்டும்தான். சித்தப்பாவின் தலையைப் பிடித்து ஆட்டி, “கில்லாடிடா நீ” என்றாள். என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

சித்தப்பா டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? புடவை வாங்க வந்த வியாபாரி யாரோ கேட்டு, சேத்துப்பட்டு வரைக்கும் செய்தி போய்விட்டது. கொஞ்ச நாளில் ஒரு முற்பகலில் மாமா வந்தார், கூடவே அவருடைய பெரியப்பா. பூவும் பழமும் ஸ்வீட்டும் கொண்டுவந்திருந்தார்கள். ஆலையின் முன்னறையில் நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்தோம்.

“களத்துக்குத்தான் மிஷினு வந்துடுச்சாமே மச்சான்” என்றார் மாமா. “இனிமே அவ எதுக்கு வெயில்ல காயணும்? கூட்டிகினு போலாம்னு வந்தோம்.”

அப்பா தலையைத் திருப்பினார். ஜன்னல் வழியாகக் களம் தெரிந்தது. அத்தை கையில் பலகையைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தாள். நான் மாமா கொண்டுவந்த ஸ்வீட் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெரியவரைப் பார்த்துப் பேசினார். “அது சரிப்பட்டு வரலீங்க மாமா. நெல்லு பாதி நொய்யா போவுது. நாளைக்கே கழட்டிடச் சொல்லிட்டேன். பழையபடி பலகைதான், ஆளுங்கதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நொய் என்றால் உடைந்த அரிசி. ரப்பர் போட்ட பிறகு உடையவே இல்லையே! சித்தப்பா இதைச் சும்மா விட மாட்டார் என்று அவரைப் பார்த்தேன். கதவருகே நின்றிருந்த சித்தப்பா அப்பாவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கையிலிருந்த கிரீஸை அழுக்குத் துணியில் துடைத்தார். “ஆமாங்க. வேஸ்டு. பேஜார் புடிச்ச வேலை” என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. களத்துக்கு ஓடி, முந்தின நாள் டிராக்டர் தள்ளிக் குவித்திருந்ததிலிருந்து இரண்டு கை நிறைய நெல்லை அள்ளிக்கொண்டு வந்து பெரியவர் முன்னால் நீட்டினேன். “பொய் சொல்றாங்க தாத்தா! ஒண்ணுகூட உடையல. நீங்களே பாருங்க!”

 அம்மா என்னை இழுக்க வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். பெரியவர் என் கையிலிருந்து கொஞ்சம் நெல்லை எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். விவசாயம் செய்கிறவர். விரலால் தள்ளித் தள்ளி நிதானமாகப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி ஜன்னல் வழியாக அத்தையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மகனைப் பார்த்தார்.

“கொழந்தைக்கு என்ன தெரியும்” என்றார். “எல்லாம் நொய்யாத்தான் இருக்குது. ஆளு இல்லாம முடியாதுப்பா. போகம் முடியட்டும், பாத்துக்கலாம். எழுந்திரு.”

மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் நான் சாப்பிட மாட்டேன் என்று தரையில் புரண்டு அழுதேன். மூன்று பேரும் நெல்லிலேயே வளர்ந்தவர்கள். கண்ணெதிரே முழுசாக இருக்கிற நெல்லை உடைந்துபோயிற்று என்கிறார்கள்! இவர்களை நம்பி ஆலை எப்படி நடக்கும்? அத்தைதான் தட்டில் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீயாவது உண்மைய சொல்லு அத்த. உடைஞ்சிதா, இல்லையா?”

“உடையலடி கண்ணு” என்றாள். “ஒண்ணுகூட உடையல. ரொம்ப நல்ல பிளேடு.”

சொல்லிவிட்டு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். களத்தில் சித்தப்பா ஸ்பேனரால் போல்ட்டுகளைத் தட்டிக் கழற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் கட்சிக்கு அத்தை வந்து சேர்ந்துவிட்டாள், பிளேடு போகிறதே என்றுதான் அவளும் அழுகிறாள் என்று நினைத்து, நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதேன்.