பின்னோக்கி ஏறிய வண்டி

மாமாவின் வண்டி அபசகுனம் பிடித்தது என்று எங்கள் உறவில் இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த வண்டியைக் கண்ணால் கண்டதில்லை. மீதிப் பேர் அதில் ஓசிச் சவாரி போனவர்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டி ஒரு தப்பும் செய்யவில்லை. அன்றைக்கு வாசலில் நின்றவள் நான், எனக்குத் தெரியும்.

ரங்கூனில் எங்கள் வீடு பெரிய பகோடாவுக்குப் போகும் வழியில் ஒரு மேட்டின் மேல் இருந்தது. வீடு மாமாவுடையது. அவர் அம்மாவின் அண்ணன். துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. பெற்றவர்கள் காலமான பிறகு கடைசித் தங்கையை, அதாவது என் சித்தியை, கப்பலேற்றி வரவழைத்து வளர்த்தவரும் அவர்தான். என் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மாதத்தில் பாதி நாள் மாண்டலே பக்கம் போய்விடுவார். ஆகவே வீட்டில் எதுவானாலும் மாமா சொன்னபடிதான் நடக்கும்.

அந்தக் காலத்தில் அமெரிக்கக் கார்கள் முழுசாகக் கப்பலில் வருவதில்லை. பெரிய மரப்பெட்டிகளில் பாகம் பாகமாக வந்து இறங்கும். இங்கே வைத்து ஒன்றாகப் பொருத்துவார்கள். அந்தப் பெட்டிகளை வருஷக்கணக்காக இறக்கி இறக்கியே மாமாவுக்கு ஆசை வந்து, தானும் ஒன்று வாங்கிவிட்டார். கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. இன்றைக்கும் அது கார் விற்றுக்கொண்டிருக்கிறது, என் விளம்பரம் அதற்குத் தேவையில்லை. அப்போது அதன் வண்டிகள் எல்லாமே கறுப்பு. போன வருஷத்து வண்டிக்கும் இந்த வருஷத்து வண்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளைக்காரத் துரைகள் அதைத் தகர டப்பா என்று கேலி செய்வார்கள். துரை வண்டி நின்றுபோனால் லண்டனிலிருந்து சாமான் வர வேண்டும், என் வண்டிக்கு ஒரு துண்டுக் கம்பி போதும் என்று மாமா பதில் சொல்வார். வண்டி வந்திறங்கிய பெட்டியின் பலகையில் எனக்கு ஒரு பெஞ்சு செய்து போட்டார்கள். அதில் உட்கார்ந்துதான் நான் எழுத்துப் படித்தேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குக் குங்குமம் உண்டு. மகாலட்சுமி வந்து வாசலில் நிற்கிறாள் என்பார் மாமா. யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் போதும், அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் வண்டியின் வரலாறு முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார். அதிலே அவருக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் பெட்ரோல் தொட்டி. அது முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் கிடையாது. சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு மரக் குச்சியை விட்டு நனைந்த இடத்தைப் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாகவே வழிந்துதான் இஞ்சினுக்குப் போகும். பெட்ரோல் குறைவாக இருந்து, வண்டியும் செங்குத்தான மேட்டில் மூக்கைத் தூக்கினால், இஞ்சின் தொட்டியை விட உயரத்துக்குப் போய்விடும். அதற்குச் சொட்டுப் பெட்ரோல் கிடைக்காது. வண்டி இருமிவிட்டு நிற்கும்.

அதற்கும் வழி இருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி ஏறினால் தொட்டி மேலே, இஞ்சின் கீழே. பெட்ரோல் ஜோராக இறங்கும். அந்த வண்டி வைத்திருந்தவர்கள் உலகமெங்கும் இப்படித்தான் மேடு ஏறினார்கள். ஒரு நாள் மாலை எங்களையும் மாமா இப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எதிர்வீட்டு பர்மாக்கார அம்மாள் “அமலே!” என்று, நம் ‘அம்மாடி’ போல, வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். சித்தி மட்டும் சிரிக்காமல், “எவ்வளவு குறைஞ்சா ஏறாதுண்ணே?” என்று கேட்டாள். தங்கைக்கு வண்டியில் இவ்வளவு அக்கறையா என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம். குச்சியை எடுத்து அளவு காட்டியதோடு விடவில்லை. தொட்டியைச் சுத்தம் செய்ய அடியில் இருக்கும் சின்னத் திருகுக் குழாயைக்கூடக் குனிந்து காட்டினார்.

சித்தி அப்போது பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழும் தையலும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். ஆற்றங்கரைக் கெமண்டைனில் நெல் வியாபாரம். நாற்பது தாண்டியவர், முதல் மனைவி இறந்துவிட்டாள், வீட்டில் குழந்தைகள். தாம்பூலம் மாற்றியதும் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. அதற்கென்ன, நிறுத்திவிட்டால் போயிற்று என்று மாமா அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். தினம் காலையில் குச்சி விட்டுத் தொட்டியைப் பார்த்த மனிதர் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. சித்தி பள்ளிக்கூடத்துக்குப் பொம்மை தைத்துக்கொண்டிருந்தாள். அதை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டாரை வாடகை வண்டியில் வரவிடலாமா? மாமாவே தன் வண்டியில் போய் அழைத்து வருவதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலமே தொட்டியில் ஒரு டின் பெட்ரோல் ஊற்றி, பித்தளையெல்லாம் துலக்கி, எலுமிச்சம்பழம் கட்டி வைத்துவிட்டார்.

காலையில் வாசல் தெளிக்கும் நேரத்தில் நான் எழுந்து போனேன். வண்டிக்கு அடியில் சித்தியின் பாதங்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின். திருகுக் குழாயிலிருந்து பெட்ரோல் அதில் ஒழுகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சித்தி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

“பட்டுப் புடவையில எண்ணெய்க் கறை பாப்பா. பெட்ரோல்ல அலசினாத்தான் போகும். அண்ணன்கிட்ட சொல்லிடாதே, வைவாரு.”

அந்தக் காலத்தில் பட்டுக்கு அப்படித்தான் செய்வார்கள். சொல்ல மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். டின்னை எடுத்துக்கொண்டு அவள் கொல்லைப் பக்கம் போனாள்.

மாமா குச்சி விட்டுப் பார்க்கவில்லை. முந்தின நாள்தானே ஊற்றினோம் என்று நம்பிக்கையோடு கிளம்பிப் போனார். நாங்கள் கோலம் போட்டு, ஆரத்தித் தட்டோடு வாசலில் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து மேட்டின் அடியில் வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல். பிறகு சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சத்தம், கூடவே தெருப் பிள்ளைகளின் கூச்சல். எட்டிப் பார்த்தோம். முதலில் கூரையை மடித்துவிட்டிருந்த வண்டியின் பின்பக்கம் வந்தது. அடுத்து மாப்பிள்ளையின் முதுகும் அவருடைய அக்காளின் கொண்டையும் வந்தன. அதற்கப்புறம் முன் சீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனாருடைய தலைப்பாகை. மாமா மட்டும் கழுத்தைத் திருகிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி வந்தார். ஆரத்தித் தட்டை வைத்திருந்த பெண்கள் யார் முகத்துக்குச் சுற்றுவது என்று தெரியாமல் வண்டியைச் சுற்றி ஓடினார்கள். எதிர்வீட்டு அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளையின் அக்காள் எழுந்து நின்று கத்தினாள். “நல்ல காரியத்துக்கு வர்றவங்க முதுகைக் காட்டிக்கிட்டா வாசல்ல வந்து நிக்கிறது? எங்களை என்னன்னு நினைச்சீங்க?”

மாமா தொட்டியின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அதைக் கேட்க ஆள் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: கீழே போய், முகம் பார்த்து வந்தால்தான் இறங்குவோம். சரியென்று மாமா வண்டியைக் கீழே இறக்கித் திரும்பவும் நேராக ஏற்றினார். பாதி மேட்டில் வண்டி இருமி நின்றது. பிரேக்கை விட்டுப் பின்னால் உருட்டிக்கொண்டு போய் மறுபடியும் முயன்றார். அதே இடத்தில் நின்றது. இஞ்சினை முடுக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அவர் சட்டையெல்லாம் தெப்பமாகிவிட்டது.

சீட்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் சீட்டின் மேல் மாப்பிள்ளையின் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். சம்பந்தியாக வரப்போகிற பெரியவரை நடுத்தெருவில் எழுந்திருக்கச் சொல்ல மாமாவுக்கு நாக்கு எழவில்லை. கூப்பிடு தூரத்தில் வீடு. இறங்கி நடந்து வந்திருந்தால் எல்லாரும் அந்நேரம் பாயசம் சாப்பிட்டிருக்கலாம். அதுவும் ஆகாதாம்; மாப்பிள்ளை தெருவில் நடந்து வருவாரா? அவர் பாட்டுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அது கதவின் மேலேயே வழிந்தது. முந்தின நாள் முழுக்க நான் துடைத்த கதவு அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேட்டில் பாதி தூரம் ஓடி, “வண்டி மேல தப்பில்ல மாமா! பெட்ரோல் இல்ல!” என்று கத்தினேன்.

பளாரென்று ஓர் அறை விழுந்தது. என் பின்னாலேயே அம்மா ஓடி வந்திருந்தாள்.

“நல்ல நாளும் அதுவுமா இல்லேங்கிற வார்த்தையா வாயில வருது?”

எங்கள் வீட்டில் விசேஷ நாளில் எதையும் இல்லை என்று சொல்லக் கூடாது. அரிசி தீர்ந்துபோனால் அரிசி நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியானால் நான் பெட்ரோல் நிறைஞ்சிருக்கு என்று கத்தியிருக்க வேண்டுமா? கத்தியிருந்தால் மாமா அதை நம்பியும் இருப்பார். அத்தனை பெரியவர்கள் நின்ற இடத்தில் உண்மையைச் சொன்னவள் நான் ஒருத்திதான். எனக்குத்தான் அடி.

அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடினேன். சத்தியமாவது ஒன்றாவது, டின்னைப் பற்றிச் சொல்லிவிடுவதுதான் என்று வாயைத் திறந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து சித்தி என்னை இழுத்து, ஒரு முழு லட்டை என் வாயில் திணித்தாள். தலையில் மல்லிகை, விரலில் பெட்ரோல், இரண்டு வாசனையும் சேர்ந்து வந்தன. இந்த வீட்டில் என்னிடம் பிரியமாக இருப்பது இவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு லட்டைத் தின்றேன். நான் அதைத் தின்று முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்கள். இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆள் இழுக்கும் லாஞ்சா பிடிக்க முச்சந்திக்குப் போனார்கள். மாப்பிள்ளை நடந்துதான் போனார்.

பிறகு மாமா குச்சியை விட்டுப் பார்த்தார். நுனி மட்டும்தான் நனைந்தது. தொட்டி ஓட்டை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தேன். மண் காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதைச் சொல்லப் போனால், இந்த வீட்டில் அந்தச் சனியனைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று கத்தினார். முந்தின நாள் வரை மகாலட்சுமி, ஒரே மேட்டில் சனியன்! ஒரு வாய் பெட்ரோல் ஊற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. லத்தா தெருவில் முட்டை வியாபாரம் செய்த ஒரு சீனக்காரருக்கு வண்டியை விற்றுவிட்டார்கள். கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். முட்டைக் கூடைகளை அடுக்கிக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கில் எங்கள் குங்குமம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

வாசலில் வந்து திரும்பிப் போன சம்பந்தம் என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டதால் கொஞ்ச காலம் யாரும் பெண் கேட்டு வரவில்லை. சித்தி பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். மழைக்காலம் வருவதற்கு முன் கொல்லையில் விறகை நகர்த்தி அடுக்கினார்கள். விறகுக்குப் பின்னால் அந்த மண்ணெண்ணெய் டின் இருந்தது. வாயில் துணி இறுக்கி அடைத்திருந்தது. தூக்கினால் தூக்க முடியவில்லை, அவ்வளவும் அப்படியே இருந்தது.

நேரே உள்ளே ஓடினேன். சித்தி என் பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து எடுத்த அந்தப் பொம்மைக்குக் கண் தைத்துக்கொண்டிருந்தாள்.

“புடவையை அலசவே இல்லையா சித்தி?”

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “எந்தப் புடவை?” என்றாள்.

இவளுடைய மறதியால் அல்லவா அந்த வண்டிக்குக் கெட்ட பெயர் வந்து, முட்டை சுமக்கப் போயிற்று என்று எனக்கு ஆங்காரம் பொங்கியது. வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினேன். பொறுப்பில்லாதவள் என்றேன். சித்தி பொம்மையை மடியில் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் கோபம் இன்னும் ஏறியது. ரொம்ப நாளைக்கு அவளோடு பேசாமல் இருந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. சித்தியின் மேல் இல்லை.