லீற்றருக்கு ஐம்பத்திரண்டு ஓடிய கணவர்

ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடினால் ஒருவர் நல்லபடி வீடு வந்து சேருவார்?

சில மாதங்களாக யோசிக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். என் கணவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். சாதாரணமானது அல்ல — நெடுந்தூரப் பயணத்துக்கான ரூரிங் பைக். மலை, பாலைவனம் எல்லாம் தாண்டுமாம். அவர் தினமும் தாண்டுவது மருதனார்மடம் சந்தியை. வீட்டிலிருந்து வேலைக்கு, யாழ்ப்பாணக் கந்தோருக்குப் போக இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றை மறிக்கும் கண்ணாடி... பெட்டிக்குள் போவது மத்தியானச் சாப்பாடு.

"கம்பனிக்காரன் நாப்பது ஓடும் எண்டுறான்" என்றார். வேகத்தைத்தான் சொல்கிறார் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். லீற்றருக்கு நாற்பதாம்.

மைலேஜ் பார்க்கும் முறையையும் அவரேதான் பெருமையாகச் சொல்லித் தந்தார். பெற்றோல் தாங்கியை முட்ட நிரப்பு. ஓடு. திரும்பவும் முட்ட நிரப்பு. ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லீற்றரால் வகு. வேகம் கூடினால் மைலேஜ் குறையும் என்பதையும் அவரே சொன்னார். பாவம்... யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை.

'எங்கை நிக்கிறீங்கள்?' என்று அடிக்கொரு தரம் ஃபோன் எடுக்கும் எனக்கு இதைவிட நல்ல உளவாளி கிடைக்குமா?

வவுனியாவில் ஒரு நண்பரின் புது வீட்டுக் குடிபூரல். போய் வந்தார்.

"எத்தினையிலை போனனீங்கள்?"

"அறுபதைத் தாண்டேல்லையப்பா."

அடுத்த நாள் பெற்றோல் செற்றில் அவர் நிரப்பும்போது நானும் பக்கத்தில் நின்றேன். கணக்கு இருபத்தெட்டு.

"ஆனையிறவிலை எதிர்க்காத்து."

"போகேக்கையோ, வரேக்கையோ?"

"ரண்டு பக்கமும்தான்."

ஆனையிறவுக் காற்றுக்கு என் கணவர்மேல் அப்படியொரு பாசம். போகும்போது முன்னால் வந்து வரவேற்று, வரும்போதும் முன்னால் நின்று போக வேண்டாம் என்று மறித்திருக்கிறது.

நான் சண்டை பிடிக்கவில்லை. சில நாள் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு மறுபடியும் வவுனியா. இந்த முறை ஐம்பத்திரண்டு! திரும்ப வகுத்தேன். என் படிப்பிலேயே சந்தேகம் வந்து ஃபோனிலும் வகுத்தேன். ஐம்பத்திரண்டேதான். செய்து விற்ற கம்பனியே நாற்பதுக்கு மேல் சொல்லத் துணியவில்லை. என்ன செய்தார்? பரந்தனிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தாரா?

"நீர் சொன்னமாதிரி மெதுவா ஓடினனான்."

ஃபோனில் வகுத்த கணக்கை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"...வரேக்கை பரந்தனிலை கொஞ்சம் பெற்றோல் அடிச்சனான். உமக்கு நித்திரை வரட்டும் எண்டுதானப்பா. கொஞ்சம் கூடிப்போச்சு."

பொய்க்கும் ஓர் அளவு வேண்டாமா? முப்பத்தெட்டு வரும்படி ஊற்றியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"சரி, நீரே ஒருக்கா ஏறிப் பாருமன். நீர் சொல்லுற வேகத்திலை நான் ஓடுறன்."

மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு நெல்லியடிக்குப் போய் வந்தோம். வழி முழுக்க ஓட்டியது நான். அவர் கைப்பிடியை மட்டும் பிடித்திருந்தார். "மெதுவா... நாய் நிக்குது... மதகு... பஸ் வருது, ஓரம் கட்டுங்கோ... இப்ப போங்கோ... ஐயோ, நில்லுங்கோ!" முப்பதைத் தாண்ட விடவில்லை. எங்களை முந்திய ஓட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "என்னண்ணை, பழுதோ?" என்று அக்கறையாகக் கேட்டார்.

திரும்பி வந்து நிரப்பினோம். இருபத்திரண்டு.

"எதிர்க்காத்தோ?" என்றார் என் கணவர்.

ஓடி நிறுத்தி, ஓடி நிறுத்தி, சின்ன கியரிலேயே உறுமவிட்டால் வண்டி அதிகம் குடிக்குமாம். ஆக, அந்த வண்டியின் மிக ஊதாரித்தனமான பயணம் என் பயத்துக்காக ஓடியதுதான். அப்படியென்றால் அந்த இருபத்தெட்டு? அவர் பறந்தாரா, வழியில் மாட்டுக்கும் லொறிக்கும் நின்று நின்று போனாரா... அல்லது உண்மையிலேயே காற்றா? இப்போது எதுவும் தெரியவில்லை.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் வருகிற பள்ளிக்கூட விடுமுறையில் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகப் போகிறாராம். அவளுக்கு ஏழு வயது. சின்ன ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது. அதைக் கழற்றாமல்தான் சோறு சாப்பிடுகிறாள்.

"அம்மா, நான் அப்பாவை இறுக்கிப் பிடிப்பன். நீங்கள் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

பஸ்ஸில் அனுப்பலாம்தான். பாட்டை அலறவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிற அந்தச் சாரதியின் வேகத்தை எந்தத் தாங்கியை நிரப்பிக் கண்டுபிடிப்பது?

வாசிக்கிற அம்மாமாரே, அப்பாமாரே... பயந்து பயந்தும் பிள்ளையை அனுப்பிவைத்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். ஓம் சொல்லவா, வேண்டாமா?

உங்கள் வண்டி லீற்றருக்கு எத்தனை ஓடும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் வகுத்துப் பார்த்துவிடுவேன்.