கொடியில் காய்வது எது

அளவெடுக்கப் போன வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். ஒரு வாய் குடிப்பதற்குள் கால்கள் தாமாகவே துணி காயும் பால்கனிப் பக்கம் போய்விடும். "வெயில் நல்லா விழுதே உங்க வீட்டுல" என்று வானத்தைப் பார்த்துச் சொல்வாள். கண் மட்டும் கொடியில் இருக்கும். எது காய்கிறது, எது சாயம் போயிருக்கிறது, எதன் முதுகில் கத்தரிக்கோல் விழுந்திருக்கிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் மீதித் தண்ணீர் உள்ளே இறங்கும்.

எல்லாருக்கும் இவள் டெய்லரக்கா. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மட்டுமே உடுப்பு தைக்கிறாள். மருந்துக் கடைக்கும் பேட்டரிக் கடைக்கும் நடுவில் ஓர் அறை. இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேஜை. எழுந்து உட்கார முடியாதவருக்குச் சட்டை மாட்டிவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தத் தொழிலின் அருமை தெரியும். ஒரு கையை நுழைப்பதற்குள் இன்னொரு கை மடங்கிக்கொள்ளும். முதுகுக்கு அடியில் ஒரு பட்டன் சிக்கினாலும் மாலைக்குள் தோல் சிவந்துவிடும். அதனால் இவள் தைப்பதில் முதுகுப் பக்கம் தையலே வராது. அளவெடுக்கப் போனால் இடுப்புச் சுற்றளவையெல்லாம் கேட்பதற்கு முன்னால், "மாத்தி விடுறது யாரு? ஒருத்தரா, ரெண்டு பேரா?" என்றுதான் கேட்பாள்.

இரண்டு தினுசு தைக்கிறாள். ஒன்று நாடா கவுன்: முன்பக்கமாகக் கைகளை நுழைத்துக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டால் தீர்ந்தது, முதுகு முழுக்கத் திறந்தே கிடக்கும். இன்னொன்று காலர் கவுன்: பக்கவாட்டில் மறைவாகப் பட்டன், கழுத்தில் விறைப்பான காலர். போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டால் வேலைக்குக் கிளம்பிய மனிதர் சற்றுச் சாய்ந்திருப்பதுபோல இருக்கும். இதில்தான் அவளுக்கு உயிர்.

"எங்க அண்ணன் நாலு வருஷம் படுக்கையில இருந்தாரு. வர்றவங்கல்லாம் அவர் தலைக்கு மேலயே எங்கிட்ட பேசுவாங்க, சாப்பிடுறாரா, தூங்குறாரான்னு. ஒருநாள் காலர் வச்ச சட்டையைப் போட்டு விட்டேன். அன்னைக்குத்தான் டாக்டர் அவர் மூஞ்சியைப் பார்த்து, 'எப்படி சார் இருக்கீங்க?'ன்னாரு." சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவாள். வேலை கிடக்கிறதே.

விற்பனை முழுக்க நாத்தனார் பொறுப்பு. கணவரின் தங்கை, அவள் வாய்க்கு முன்னால் கடையின் கத்தரிக்கோல்கள் எல்லாம் மொட்டை. போன மாதம் ஒரு மில்லில் மெல்லிய பருத்தித் துணி மலிவாகத் தள்ளினார்கள். இருவரும் கையிருப்பை வழித்துப் போட்டு அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கு. அத்தனையையும் காலர் கவுனாக வெட்ட டெய்லரக்காவுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் வெட்டின துணி திரும்ப ஒட்டாது. தைத்தது தேங்கினால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான்.

இதுவரை கவுன் வாங்கினவர்களுக்கெல்லாம் நாத்தனார் போன் போட்டு, எது பிடித்திருக்கிறது என்று கேட்டாள். முக்கால்வாசிப் பேர் காலர்தான் பிரமாதம் என்றார்கள்.

"அப்புறமென்ன அண்ணி, வெட்டுங்க."

தன் மனதுக்குப் பிடித்த பதில் வந்தாலே இவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். "தைச்சவங்களே நல்லா இருக்கான்னு கேட்டா, இல்லைன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்? நான் போய் ஒரு எட்டு கொடியைப் பார்த்துட்டு வர்றேன்."

தையல் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சாக்குச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்கு பார்த்தாலும் நாடா கவுன்தான் காற்றில் ஆடியது. காலர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முகம் தொங்கிப்போய்த் திரும்பினாள்.

நாத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்போ எங்கிட்ட எல்லாரும் பொய் சொன்னாங்களா? நீங்க போனது பூரா அடிக்கடி வந்து நாடா வாங்குறவங்க வீடு. அங்கே நாடா காயாம வேற என்ன காயும்? காலர் ஒண்ணு வாங்கிட்டு அப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவங்க இருக்காங்களே, அவங்க வாசலை மிதிச்சீங்களா?"

டெய்லரக்கா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவது மாடி. அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மகள். பால்கனிக் கொடியில் பழைய நைட்டிகள் வரிசையாகக் காய்ந்தன, எல்லாவற்றுக்கும் முதுகு கிழித்து. காலர் கவுன் இஸ்திரி போட்டு பீரோவில் தொங்கியது.

"பிடிக்கலையாம்மா?"

"ஐயோ அக்கா, பிடிக்காம என்ன! டாக்டர் வந்தா, சொந்தக்காரங்க வந்தா இதைத்தான் போட்டு விடுவேன். அம்மாகிட்டயே நேரா பேசுறாங்க. அதுக்கு ஒண்ணு போதாதா?"

"மத்த நேரத்துக்கு?"

"நைட்டியை வெட்டிக்கிறேன். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை நனைஞ்சுடுது. பட்டன் போட்டுக்கிட்டு நிக்க எனக்கு ஏது கை?"

"நாடா வச்சது கடையில இருக்கேம்மா."

"இருக்கா? நீங்க காட்டவே இல்லையேக்கா!"

கட்டிலிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "ஏய், காலர் வச்சதுல மட்டும் கத்தரிக்கோலை வச்சுடாதடி."

அதே போல இன்னும் சில வீடுகள்; அதே பீரோ, அதே பதில். கடைக்கு வந்ததும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அவங்க பொய் சொல்லலைம்மா. எது பிடிக்குதுன்னு கேட்டே, சொன்னாங்க. எத்தனை வேணும்னு நீ கேட்கலை."

"நீங்க மட்டும் என்னவாம்? வர்றவங்ககிட்ட எல்லாம் காலரைத் தூக்கிக் காட்டிட்டு, நாடாவை மேஜைக்கு அடியில தள்ளி வச்சீங்க. கேட்டு வாங்குறவங்களுக்குத்தான் அது கிடைக்குது."

"ஆமா" என்றாள்.

"இப்போ இந்தத் துணியை என்ன பண்றது?"

டெய்லரக்கா சுவரோர அடுக்கை அண்ணாந்து பார்த்தாள். "வீட்டுக்கு ஒண்ணு காலர். மீதி அத்தனையும் நாடா."

பிறகு ஸ்டூலை, தெருவுக்குத் தெரிய உடுப்பு மாட்டி வைக்கும் வாசல் கண்ணாடியோரம் இழுத்துப் போட்டு ஏறினாள். ஸ்டூல் ஆடாமல் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். அங்கே ஹேங்கரில் விறைப்பாக நின்ற காலர் கவுனை டெய்லரக்கா கழற்றி, மடித்து, அவளிடம் கீழே நீட்டினாள். அந்த இடத்தில் நாடா கவுன் ஒன்றை மாட்டினாள். ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். பிறகு, திறந்த முதுகும் தொங்கும் நாடாவும் தெருவில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி அதைத் திருப்பி மாட்டினாள்.