முதல் கிளாஸுக்கும் இரண்டாவது கிளாஸுக்கும் நடுவே

எங்கள் வீட்டில் அப்பாவிடம் எதையாவது கேட்க வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு நேரம் உண்டு. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல், அவருடைய முதல் கிளாஸ் முடிந்து இரண்டாவது கிளாஸ் கலப்பதற்கு முன்னால். அப்பா ஒரு அரசாங்க ஆபீஸில் ஜீப் டிரைவர். அதிகாரிகள் பேசுவது எதுவும் காதில் விழாத மாதிரி பகல் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வருகிறவருக்கு முகம் அப்படியே இறுகிப் போயிருக்கும். அந்த முகத்தோடு இருக்கும்போது என்ன கேட்டாலும் ஒரே பதில், "அப்பறம் பாக்கலாம்". ஒரு கிளாஸ் உள்ளே போனதும் அதே மனுஷன் என்னை "அம்மாடி" என்று கூப்பிடுவார். ஸ்கூல் டூர், சைக்கிள், காலேஜ், செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை எல்லாமே அந்த நடு நேரத்தில் நான் வாங்கிய வரங்கள்தான். இரண்டாவது கிளாஸுக்கு மேல் கேட்கக் கூடாது. சரி என்று சொல்லி அழுவார், காலையில் சுத்தமாக மறந்திருப்பார். அம்மா எனக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தாளோ இல்லையோ, இந்த நேரம் பார்க்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

தொண்ணூற்றெட்டு பங்குனியில் எனக்கு இருபத்து நாலு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து, வெள்ளிக்கிழமை வேலூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிடுவார்கள் என்றாள். மாப்பிள்ளைக்கு பேங்க் வேலையாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவரை இரண்டு வருஷமாக நான் விரும்பிக்கொண்டிருந்தேன். வேறு சாதி. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டு, சனியன், கடைசியில் கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. பூ வைத்த பிறகு மாட்டேன் என்றால் எங்கள் சனத்தில் பெண்ணின் குடும்பமே தலைகுனிந்துதான் நடக்க வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்த நடு நேரம் பத்து நிமிஷம்தான். அப்பா விஸ்கியில் கோலி சோடாவை ஊற்றி, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, ஸ்பூன் காம்பால் கலக்கி நாலே மடக்கில் குடித்துவிடுவார். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்திருப்பார், அடுத்ததைக் கலக்க ஆரம்பித்துவிடுவார். சைக்கிள் கேட்பதற்குப் பத்து நிமிஷம் போதும். ஒருத்தரை விரும்புகிறேன், அவர் வேறு சாதி, வெள்ளிக்கிழமை வருகிறவர்களை நிறுத்துங்கள் என்று சொல்வதற்குப் பத்து நிமிஷம் எந்த மூலைக்கு? அன்று ராத்திரி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை கெஸ்ட் ஹவுஸில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று விசாரித்தார். தியானத்துக்காக வந்து மூன்று மாதமாகத் தங்கியிருந்தவர். அவருடைய ஊரில் முப்பது வருஷம் பாரில் நின்று கலந்து கொடுத்த மனிதர் என்பதும், இப்போது அந்தப் பக்கமே போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அசட்டுத் துணிச்சலில் கேட்டேன். எங்கள் அப்பாவுக்கு விஸ்கியில் ஏதாவது பரிசு கொடுக்க வேண்டும், ஆனால் அதை அவர் மெதுவாகக் குடிக்க வேண்டும், என்ன கொடுக்கலாம் என்று. சாமியைத் தேடி வந்தவரிடம் போய்ச் சாராயப் பாடம் கேட்கிறாளே என்று அவர் நினைத்திருக்கலாம். வெகு நேரம் யோசித்தார். பிறகு லாண்டரி சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். நல்ல விஸ்கி, கொஞ்சம் சர்க்கரை, கசப்புச் சாறு நாலு சொட்டு, ஆரஞ்சுத் தோல், பெரிய ஐஸ் கட்டி, அடி கனமான கிளாஸ். இதை மடமடவென்று குடிக்க முடியாது, ஒரு மணி நேரம் ஆகும் என்றார். ஒரு மணி நேரம்! எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

அடுத்த இரண்டு நாள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குலுக்கிக் கலக்குகிற பாத்திரம் ஒன்றும் பரிசில் இருந்தால் கௌரவமாக இருக்குமே என்று தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். மூடி போட்ட சொம்பு மாதிரி, உயரமாக, என்று நான் கையால் அபிநயம் பிடிக்க, கடைக்காரர் முதலில் தூக்கு வாளியைக் காட்டினார், அப்புறம் குழந்தைகளின் தண்ணீர் பாட்டிலைக் காட்டினார், கடைசியில் தயங்கித் தயங்கி, யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அதை விட்டுவிட்டேன். ஃபேன்சி ஸ்டோரில் அடி கனமான கிளாஸ் கிடைத்தது. ஆனால் ஆறு சேர்ந்த பெட்டியாகத்தான் தருவார்கள், ஒவ்வொன்றிலும் ரோஜாப்பூ படம் வேறு. தனியாகக் குடிக்கிற மனுஷனுக்கு ஆறு கிளாஸ் எதற்கு? வாங்கினேன்.

அந்தக் கசப்புச் சாறுதான் என்னைக் கொன்றது. வேரும் பட்டையும் ஊறிய கசப்பு என்று வெள்ளைக்காரர் சொன்னதை நம்பி நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்கார பாய் யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்துவிட்டு நிலவேம்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதை ஆரஞ்சுத் தோலோடு போட்டுச் சுண்டக் காய்ச்சி, சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய் வெள்ளைக்காரரிடம் காட்டினேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். தியானம் கூடிவிட்டதோ என்று நான் பயந்தேன். பரவாயில்லை, இரண்டே சொட்டு போதும் என்றார்.

பாட்டில் வாங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய கஷ்டம். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஒயின் ஷாப் வாசலில் ஒரு பெண் போய் நின்றால், அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும். ஜெராக்ஸ் கடைக்காரரைத்தான் அனுப்பினேன். அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. தன் கடையில் தினமும் மார்க் ஷீட் நகல் எடுக்க வருகிற வாத்தியார் ஒருத்தர் க்யூவில் முன்னால் நின்றதைப் பார்த்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, ஒரு பாட்டிலை நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். "உங்க அப்பாவுக்கு நான் குடுக்கற மொத சீர் இதான்" என்றார். சிரிக்க முயற்சி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இது நடக்காமல் போனால் இந்த மனிதரை நான் இழந்துவிடுவேன் என்ற எண்ணம்தான் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம். அன்றைக்கு அப்பாவின் பிறந்தநாள். நிஜமான பிறந்தநாள் யாருக்கும் தெரியாது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்டு, பிறகு சர்வீஸ் புக்கில் ஏறிவிட்ட தேதி. பரிசுக்கு அது ஒரு சாக்கு. ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். ரோஜாப்பூ கிளாஸில் கசப்பை மட்டும் இரண்டே சொட்டு விட்டு, மற்றதையெல்லாம் சீட்டில் எழுதியபடியே கலந்து, ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போட்டு, ஸ்டூலின் மேல் வைத்தேன். அப்பா வந்தார், கால் கழுவினார், உட்கார்ந்தார்.

"இன்னாம்மா இது?" என்று கேட்டார்.

பிறந்தநாளுக்கு என்று சொன்னேன். கிளாஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்தார். "வாசனை நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அதைத் திரும்ப ஸ்டூலிலேயே வைத்தார். அப்போதுதான் அவர் வலது மணிக்கட்டைப் பார்த்தேன். புது மஞ்சள் கயிறு.

எங்கள் பக்கத்தில் குடியை விட வேண்டும் என்றால் கயிறு கட்டிக்கொள்ளப் போவார்கள். போளூர் தாண்டி ஒரு அம்மன் கோயில். எத்தனை மாதத்துக்கு என்று பூசாரி கேட்பார், சூடத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு கயிற்றைக் கட்டிவிடுவார். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் ரத்தம் கக்க வேண்டியதுதான் என்று நம்பிக்கை. தாங்க முடியாதவன் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுத்தான் ஒயின் ஷாப்புக்குப் போவான். அப்படி அறுத்தவனுக்கு அப்புறம் ஊரில் மரியாதை கிடையாது.

அம்மாதான் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே விவரம் சொன்னாள். பெண்ணுடைய அப்பா குடிப்பாராமே, நிஜமா என்று வேலூர்க்காரர்கள் தரகரிடம் கேட்டிருக்கிறார்கள். தரகர் அதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், காலையில் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் ஆறு மாதத்துக்குக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். இருபது வருஷமாக அம்மா காலில் விழுந்து கேட்டும் செய்யாததை.

"எடுத்து வெய்யி. உன் கல்யாணம் முடியட்டும், அப்பறமா குடிக்கறேன்" என்றார் அப்பா.

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய மகள், பாவி, இன்றைக்குத்தானா உனக்குப் புத்தி வர வேண்டும் என்று மனசுக்குள் திட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே கதவும் அடைத்துக்கொண்டது. வியாழக்கிழமை ஒன்றுதான் பாக்கி. குடிக்காத அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவே தெரியாது. பழகினதில்லை. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. நின்றபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜெராக்ஸ் கடை, இரண்டு வருஷம், சாதி, வெள்ளிக்கிழமை எனக்கு வேண்டாம் என்பது. ஒரு மணி நேரம் வேண்டும் என்று நினைத்த விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு என் மேல் பாய்ந்தாள். அப்பா கையை நீட்டித் தடுத்தார். அந்த இறுகிய முகத்தோடு பாட்டிலையும், பெட்டியில் மீதி இருந்த அஞ்சு கிளாஸையும், ஆரஞ்சுத் தோலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இத்தச் சொல்றதுக்குத்தான் இதெல்லாம் வாங்கினியா?"

தலையாட்டினேன்.

"குடிச்சாதான் உங்கப்பன் மனுஷன்னு நெனச்சிட்ட, இல்ல?"

அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். அவர் என்ன முடிவு செய்தார் என்று தெரியாமல் நான் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். செத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், பொய் சொல்வானேன்.

வியாழக்கிழமை காலையில் அப்பா ஷேவ் செய்து, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, "வா" என்று மட்டும் சொன்னார். பின்னாலேயே போனேன். தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்த் தரகருக்கு போன் போட்டார். அந்தக் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"நாளைக்கு அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்கண்ணே. இல்லண்ணே, பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. நான்தான். நேத்து கயிறு கட்டினேன், ஒரு ராத்திரிகூடத் தாங்கல, அறுத்துப் போட்டுட்டு குடிச்சிட்டேன். நாளைக்கு அவங்க எதிர்ல நிக்க எனக்கு மூஞ்சி இல்லண்ணே. குடிகாரன் வீடுன்னே சொல்லிடுங்க."

ரிசீவரைப் பிடித்திருந்த அந்தக் கையில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. வெளியே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் அந்த பூத் வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எங்கள் கல்யாணத்துக்கு அவர் சம்மதிக்க இன்னும் ஒரு வருஷம் ஆனது, அது வேறு சண்டை. ஆனால் ஆறு மாதமும் அப்பா ஒரு சொட்டுத் தொடவில்லை. கட்டிய மறுநாளே கயிற்றை அறுத்தவன் என்று டீக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். அதுவரைக்கும் முழங்கை வரை மடித்துவிட்டே பழகியிருந்த யூனிஃபார்ம் கையை இறக்கி, கயிறு யார் கண்ணிலும் பட்டுவிடாமல் மணிக்கட்டில் பட்டன் போட்டுக்கொண்டு, அந்தச் சித்திரை வெயிலிலும் அப்படியேதான் ஜீப் ஓட்டினார்.