காப்புக் கயிறு

எதிர்வீட்டுக்கு கிரில் செய்பவர் இரும்பில் துளை போடுகிறார். எண்ணெய் கருகும் வாடை வந்ததும் ஜன்னலைச் சாத்தினேன்.

அறுபதுகளில், ஜவ்வாது மலையடிவாரத்தில் போளூரில், அப்பா ஒரு பழைய டிரில்லிங் மிஷினைத் துரு நீக்கி, புது பெல்ட் போட்டு ஓட வைத்தார். சிக்கிக்கொள்ளும் என்று, தோளில் துண்டு போட்டிருக்கும் யாரையும் அதன் பக்கம் விடமாட்டார். அப்போது எனக்கு விஷக்காய்ச்சல். நான் பிழைக்க அம்மனுக்கு வேண்டிக்கொண்டு தன் வலது மணிக்கட்டில் காப்புக் கயிறு கட்டியிருந்தார்.

"அத்தக் கழட்டி வச்சிட்டு ஓட்டுங்க," என்றாள் அம்மா.

"திருவிழா முடியாம கழட்டுனா புள்ளைக்கு ஆவாதுடி."

மிஷினில் சுழலும் துளையிடும் பிட்டில் கயிறு சிக்கியது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "காப்பு அறுந்துடுச்சா?" என்று கேட்டார்.

அறுந்த கயிற்றை முந்தானையில் முடிந்திருந்த அம்மா, "இல்லீங்க" என்றாள்.

நான் பிழைத்துக்கொண்டேன். அப்பா இடது கையால் சாப்பிடும்போது, கடைசிவரை அவருக்கு எதிரே நான் உட்கார்ந்ததில்லை.